நாலரை அடி மறைப்பு

பிரவுசிங் சென்டரில் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே நிற்கும் பலகை எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று இந்திய அரசு ஒரு காலத்தில் விதி எழுதியது. 2011 ஏப்ரலில் வந்த சைபர் கஃபே விதிகளின்படி, தரையிலிருந்து நாலரை அடி. அதற்கு மேல் கூடாது. தடுப்பு இல்லாத இடத்தில் திரை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வருகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். பெயர், முகவரி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டையும், எந்தெந்தத் தளங்கள் திறக்கப்பட்டன என்ற விவரத்தையும் கடைக்காரர் குறைந்தது ஓர் ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அந்த விதி வந்தபோது திருநெல்வேலியில் பிரவுசிங் சென்டர்களின் நல்ல காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. நம் பக்கம் அது பரவலாக வந்து சேர 2000 ஆகிவிட்டது. எஸ்டிடி பூத் வைத்திருந்தவர்கள் பக்கத்து அறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டார்கள். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, டவுன், பாளை பஜார் என்று எங்கும் போர்டுகள். பிளைவுட் கேபின், பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் குவிந்த செருப்புகள். பிளஸ் டூ ரிசல்ட் அன்று கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். "அண்ணாச்சி, இவனுக்கும் சேத்துப் பாத்துருங்க" என்று நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை நீட்டினால் போதும். பதிவு எண் ஒன்று இருந்தால் யாருடைய மதிப்பெண்ணையும் யாரும் பார்க்கலாம். பார்த்தார்கள். தெருவில் யார் தேறினார், யாருக்குக் கணக்கில் போயிற்று என்பது வீட்டுக்குத் தெரியும் முன் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். இன்று அரசுத் தேர்வுத் துறையின் தளம் பிறந்த தேதியையும் கேட்கிறது. சின்ன மாற்றம்தான். ஆனால் ஒரு பிள்ளையின் தோல்வி அவனுடைய சொந்த விஷயம் என்று ஒத்துக்கொள்ள நமக்கு அத்தனை காலம் ஆயிற்று.

அன்றைக்குப் பார்க்கிற கண் எது என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்து கேபின்காரன் எட்டிப் பார்ப்பான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி தன் மெஷினிலிருந்தே எல்லாத் திரையையும் பார்க்க முடியும் என்றொரு பேச்சு இருந்தது. சில கடைகளில் அது உண்மையும்கூட. அதனால் பாஸ்வேர்டு அடிக்கும்போது இடது கையால் கீபோர்டை மறைப்பது, எழும்போது யாஹூ மெயிலை லாக்அவுட் செய்தோமா என்று இரண்டு தடவை பார்ப்பது, ஹிஸ்டரியை அழிப்பது எல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்த பழக்கங்கள். சில கடைகளில் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருள் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் அன்றைக்கு நடந்ததெல்லாம் துடைத்துப்போய், பழைய நிலைக்கு வந்துவிடும். கடைக்காரர் வைரஸ் தொல்லைக்காகப் போட்டது. வாடிக்கையாளரின் அந்தரங்கத்துக்கு அவரை அறியாமலே அவர் செய்த பெரிய உபகாரம் அதுதான்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத கண்களும் அப்போதே பிரவுசருக்குள் இருந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் மேலே டூல்பார், அதற்குக் கீழே இன்னொரு டூல்பார், அதற்கும் கீழே ஒன்று. மிச்சமிருக்கிற அரைத் திரையில்தான் இணையம். இலவச மென்பொருள் எதை இறக்கினாலும் ஒரு டூல்பார் ஒட்டிக்கொண்டு வரும். கேட்டர் என்று ஒன்று இருந்தது. பாஸ்வேர்டை நினைவில் வைத்துப் படிவங்களை நிரப்பித் தரும், அந்தச் சாக்கில் நாம் போகிற தளங்களையெல்லாம் கவனித்து அதற்கேற்ற விளம்பரத்தை மேலே எறியும். பிரவுசரோடு சேர்கிற துணைக்கருவி என்றால் அன்றைக்குப் பெரும்பாலும் திருட்டுக் கண் என்றுதான் பொருள். காவலுக்கு அவாஸ்ட் இருந்தது. ஆரஞ்சு உருண்டை. மத்தியான அமைதியில் திடீரென்று ஒரு வெள்ளைக்காரக் குரல், வைரஸ் தகவல் தொகுப்பு புதுப்பிக்கப்பட்டது என்று கடை முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கும். அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஃபயர்ஃபாக்ஸ் 2004 நவம்பரில் வந்தது. பாப்அப்பைத் தடுக்கும், நீட்சிகள் என்ற துணைக்கருவிகளைச் சேர்த்துக்கொள்ளலாம், பாதுகாப்பிலும் எக்ஸ்ப்ளோரரைவிடப் பல படி மேல். ஆனாலும் தமிழ் படிக்கிறவர்கள் எக்ஸ்ப்ளோரரை விட முடியவில்லை. காரணம் எழுத்துரு. தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு குறியாக்கத்தில், ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும் வசதி எக்ஸ்ப்ளோரரில்தான் ஒழுங்காக வேலை செய்தது. ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். காலையில் செய்தி படிக்க வேண்டும் என்பதற்காகவே ஓட்டை விழுந்த பிரவுசரில் உட்கார்ந்திருந்த தலைமுறை அது. நமக்கு முதலில் பயன்பட்ட நீட்சிகளும் அதனால் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை அல்ல. நாகார்ஜுன வென்னா எழுதிய பத்மா, பழைய எழுத்துருவில் இருந்த இந்திய மொழிப் பக்கங்களை யூனிகோடாக மாற்றிக் காட்டியது. தமிழ்விசை, பிரவுசருக்குள்ளேயே தமிழ் தட்டச்சு செய்ய விட்டது. பத்திரிகைகள் யூனிகோடுக்கு மாறிய பிறகுதான் தமிழ் வாசகருக்குப் பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே கிடைத்தது. பாதுகாப்பு பற்றிய புத்தகங்களில் இந்தக் காரணத்தை யாரும் எழுதுவதில்லை. எழுதியவர்கள் தமிழில் பேப்பர் படித்தவர்கள் இல்லை.

வெளியுலகில் அந்த வருஷங்களில்தான் தடுப்பு நீட்சிகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. ஆட்பிளாக்கை 2002-இல் ஒரு டேனிஷ் மாணவர் எழுதினார். 2005-இல் ஜியோர்ஜியோ மாவோனேயின் நோஸ்கிரிப்ட், 2006-இல் விளாடிமிர் பலாண்டின் ஆட்பிளாக் பிளஸ். 2010-இல் இரண்டு சம்பவங்கள். ஜூனில் எலக்ட்ரானிக் ஃப்ராண்டியர் ஃபவுண்டேஷன் டோர் திட்டத்தோடு சேர்ந்து எச்டிடிபிஎஸ் எவ்ரிவேர் என்ற நீட்சியை வெளியிட்டது. பூட்டு இல்லாத பழைய முகவரிக்குப் போனாலும், பூட்டு உள்ள வழி இருந்தால் அதற்கு மாற்றி அனுப்பும். அக்டோபரில் எரிக் பட்லர் ஃபயர்ஷீப் என்ற நீட்சியை வெளியிட்டார். பொது வைஃபையில் பக்கத்து மேஜைக்காரர் ஃபேஸ்புக்கில் நுழைந்திருந்தால் அவர் பெயர் நம் பிரவுசரில் வந்து நிற்கும். தட்டினால் அவர் கணக்குக்குள் நாம். திருடச் சொல்லிக்கொடுக்க அல்ல, கம்பெனிகளுக்கு வெட்கம் வரட்டும் என்று செய்தது. வந்தது. ஜிமெயில் அந்த ஆண்டு ஜனவரியிலேயே பூட்டுள்ள வழிக்கு மாறியிருந்தது. ஃபேஸ்புக் 2013-இல் முழுதாக மாறியது, யாஹூ மெயில் 2014 ஜனவரியில். யாஹூ மெயிலை லாக்அவுட் செய்தோமா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போன நம் ஆட்களின் கடிதங்கள் அதுவரை கம்பியில் திறந்த கடிதாசியாகவே போய்க்கொண்டிருந்தன.

எச்டிடிபிஎஸ் எவ்ரிவேர் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதன் வேலையைப் பிரவுசர்களே செய்யத் தொடங்கிவிட்டன. தேவையில்லாமல் போய் மூடப்பட்ட பாதுகாப்பு நீட்சி அது. கௌரவமான சாவு. அதே சமயம், பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று நாம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவைத்த பாடமும் செத்துவிட்டது. பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கிற காலத்தில் மோசடித் தளமும் பூட்டோடுதான் வருகிறது. குரோம் 2023-இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

பிறகு 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. பிரவுசிங் சென்டர் கேபின்கள் பழைய மரக்கடைக்குப் போயின. முக்கூடலில் பீடி சுற்றுகிற அக்காவின் மடியில் தட்டுக்குப் பக்கத்தில் இணையம் வந்து உட்கார்ந்தது. கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்துத் திண்ணையிலும், மேலப்பாளையம் கைத்தறிக் கூடத்திலும், ஸ்ரீவைகுண்டம் வாழைத்தோட்டத்திலும் வந்தது. இப்போது எட்டிப் பார்க்க யாரும் இல்லை. அடையாள அட்டை கேட்பவர் இல்லை, பதிவேடு இல்லை. தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பு முதல் முறையாக இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் ஏழைக்கும் கிடைத்தது. நினைப்பு மட்டும்தான். 2011 விதி கடைக்காரரிடம் கேட்ட பதிவேட்டைவிடப் பல மடங்கு பெரிய பதிவேடு ஒவ்வொரு பக்கத்திலும் எழுதப்படுகிறது. எழுதுகிறவருக்கு ஊரில் முகவரி கிடையாது.

ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தை எந்தத் தடுப்பும் இல்லாமல் திறந்து பாருங்கள். செய்தி நாலு வரி. அந்த நாலு வரியோடு விளம்பரக் கம்பெனிகள், கணக்கெடுக்கும் கம்பெனிகள், அவற்றுக்குத் தரவு விற்கும் கம்பெனிகள் என்று ஒரு கூட்டமே பக்கத்தோடு சேர்ந்து இறங்கும். ஒவ்வொன்றும் நம் பிரவுசரில் ஒரு குக்கியை வைக்கும், அல்லது போனின் திரை அளவு, மாடல், மொழி, எழுத்துருக்கள் என்று அங்கம் அங்கமாகக் குறித்துக்கொண்டு போகும். பாளையில் ஒருவர் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடினால் அரை மணி நேரத்தில் மழைச் செய்திக்கு நடுவே சர்க்கரைப் பொடி விளம்பரம் வருவது இதனால்தான். அவருக்குச் சர்க்கரை என்பது மனைவிக்குத் தெரியும் முன் விளம்பர ஏலத்துக்குப் போய்விட்டது. இன்காக்னிட்டோ போட்டால் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை பற்றி அமெரிக்காவில் கூகுள் மீது 2020-இல் வழக்குப் போட்டார்கள். 2024-இல் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டு கூகுள் சமாதானம் பேசியது. இன்காக்னிட்டோ மறைப்பது வீட்டிலிருப்பவர்களிடமிருந்து மட்டும்.

இன்றைய மறைப்புப் பலகையை நாமேதான் அடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் நீட்சி. பெயர் சொல்லியே பேசலாம். யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்ற ஒரு மனிதர் 2014-இல் தொடங்கியது. நன்கொடைகூட வாங்குவதில்லை. அது வைத்திருக்கும் பட்டியல்களில் விளம்பர, பின்தொடர்வு முகவரிகளோடு தெரிந்த மோசடி முகவரிகளும் இருக்கின்றன. பக்கம் அவற்றைக் கூப்பிடும்போது கூப்பாடு வெளியே போகாமலே நிறுத்திவிடும். பக்கம் வேகமாகத் திறக்கும், டேட்டா மிச்சமாகும். கிராமத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தரங்கத்தைவிட இந்த மிச்சம்தான் முதலில் தெரியும், அதில் தப்பில்லை. பெயரில் ஆரிஜின் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் யூபிளாக் என்று இருப்பது கைமாறிப் போன வேறு சரக்கு. எலக்ட்ரானிக் ஃப்ராண்டியர் ஃபவுண்டேஷனின் பிரைவசி பேட்ஜர் பட்டியல் வைத்துத் தொடங்காமல், தளத்துக்குத் தளம் நம்மைத் துரத்துவது யார் என்பதைக் கவனித்துத் தடுக்கப் பிறந்தது. இரண்டும் ஒரே வீட்டில் அவசியமில்லை. ஒன்று போதும்.

விளம்பரத்தைத் தடுப்பது ஏதோ ஓசி வாங்குகிற வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பத்திரிகைக்காரனாக அந்தச் சங்கடம் எனக்கும் உண்டு. விளம்பரத்தால் நடக்கிற பத்திரிகைக்கு இது வயிற்றில் அடி. ஆனால் 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கு விட்ட எச்சரிக்கையில், தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துங்கள் என்றே சொன்னது. தேடலின் உச்சியில் நிற்கும் விளம்பரத்தை வாங்கி, உண்மையான கம்பெனி போலவே வேஷம் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வங்கியின் கஸ்டமர் கேர் எண் தேடிய நம் ஊர்ப் பென்ஷன்தாரர் எந்த எண்ணைக் கூப்பிடுகிறார்? முதலில் தெரிவதை. அந்த முதல் இடம் விலைக்கு விற்கப்படுகிற இடம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பத்திரிகைக்குச் சந்தா கட்டுங்கள், நல்ல தளத்துக்குத் தடுப்பை விலக்கிவிடுங்கள், தேடலில் மட்டும் விலக்காதீர்கள் என்பது என் சமரசம்.

பாஸ்வேர்டு விஷயத்தில் மாற்றம் இன்னும் பெரிது. முன்பு டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பார்கள். வீட்டுப் பீரோவில் இருக்கும் டைரி ஒன்றும் மோசமில்லை, ரஷ்யாவிலிருந்து யாரும் வந்து பீரோவைத் திறக்கப் போவதில்லை. அந்த டைரியால் ஆகாதது ஒன்று உண்டு. பார்வைக்கு வங்கித் தளம் போலவே இருக்கும் போலித் தளத்தை டைரி கண்டுபிடிக்காது. பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு நீட்சிகள் பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை, முகவரியைப் பார்க்கின்றன. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நிரப்பாமல் சும்மா இருக்கும். வழக்கமாகத் தானே வந்து விழுகிற பாஸ்வேர்டு இன்று ஏன் விழவில்லை என்று கை நிற்கிற அந்தக் கணத்துக்காகவே அதைப் போடலாம்.

அவாஸ்ட் கதைக்கு வருகிறேன். வைரஸிலிருந்து காக்கிறேன் என்று உலகம் முழுக்க உட்கார்ந்திருந்த அந்தக் கம்பெனி, தன் பிரவுசர் நீட்சி வழியாகவும் மென்பொருள் வழியாகவும் ஆட்களின் இணைய நடமாட்டத்தைச் சேர்த்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது 2020 ஜனவரியில் அம்பலமானது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் 165 லட்சம் டாலர் கட்ட வைத்தது. பாதுகாப்பான தளம் எது, ஆபத்தான தளம் எது என்று பச்சை சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிய வெப் ஆஃப் டிரஸ்ட் நீட்சி, தன் பயனாளர்களின் நடமாட்டத்தை விற்றதை 2016 நவம்பரில் ஜெர்மனியின் என்டிஆர் ஒலிபரப்பு நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். தி கிரேட் சஸ்பெண்டர், கம்ப்யூட்டரின் நினைவகத்தை மிச்சப்படுத்தும் நல்ல நீட்சி. 2020-இல் எழுதியவர் கைமாற்றினார், புது முதலாளி கையில் அது கெட்டது, 2021 பிப்ரவரியில் கூகுளே பிடுங்கிப் போட்டது. 2024 கிறிஸ்துமஸ் நேரத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் நீட்சிக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, கெட்ட பதிப்பை எல்லாருக்கும் அப்டேட்டாக அனுப்பினார்கள். போட்டவர்கள் ஒன்றும் செய்யவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நீட்சி என்றதும் ஓடிப்போய்ப் பத்துப் போடாதீர்கள். நிறுவும்போது அது கேட்கும் அனுமதியைப் படியுங்கள். எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் என்று இருந்தால், வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். தடுப்பு நீட்சிக்கு அந்த அனுமதி இல்லாமல் வேலை ஓடாது. பிடிஎஃப் மாற்றித் தருகிற நீட்சிக்கும், கூப்பன் தேடித் தருகிற நீட்சிக்கும், பெயர் தெரியாத இலவச விபிஎன்னுக்கும் எதற்கு? டூல்பார் காலத்துப் பொறி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, பெயின்ட் மட்டும் புதிது.

கூகுள் செய்ததையும் சொல்லாமல் விட முடியாது. மேனிஃபெஸ்ட் வி3 என்ற புது விதியைக் காட்டி, 2024 கடைசியில் தொடங்கி 2025-க்குள் குரோமிலிருந்து யூபிளாக் ஆரிஜினை வெளியேற்றிவிட்டது. பாதுகாப்புக்காக என்றது. நீட்சிகள் அளவுக்கு மீறி அதிகாரம் வைத்திருந்தன என்பது, மேலே சொன்ன கதைகளைப் பார்த்தால், பொய்யில்லை. ஆனால் விளம்பரத்தில் சம்பாதிக்கிற கம்பெனியின் பிரவுசர் விளம்பரத் தடுப்பின் பல்லைப் பிடுங்குவதைப் பாதுகாப்பு என்று நம்ப நான் தயாரில்லை. இப்போது குரோமில் கிடைப்பது யூபிளாக் ஆரிஜின் லைட். கொஞ்சம் பல் போனது, ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல். முழுப் பதிப்பு வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ்.

நம் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. இணையம் என்றால் இங்கே போன். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சியே போட முடியாது. உலகத்தில் யாருக்கு மறைப்பு அதிகம் தேவையோ அவருக்குப் பலகை அடிக்கவே இடமில்லாத கேபின். வழி இல்லாமல் இல்லை. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் நீட்சி போடலாம். 2023 டிசம்பரிலிருந்து நூற்றுக்கணக்கில் திறந்துவிட்டிருக்கிறார்கள், யூபிளாக் ஆரிஜின் அதற்கு முன்பே உண்டு. பிரேவ் பிரவுசர் தடுப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

உள்ளூர்ச் சரக்கும் ஒன்று இருக்கிறது. குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. அந்தச் சிற்றாற்றுப் பக்கம், 2019 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில், ஜோஹோ 2011-இல் அலுவலகம் திறந்தது. ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடியும் வந்தார். பிறருடைய பின்தொடர்வுக் கருவிகள் எதுவும் தங்கள் தளங்களில் இருக்காது என்று 2020-இல் அறிவித்த அந்த நிறுவனம், 2023-இல் உலா என்ற பிரவுசரை வெளியிட்டது. விளம்பரத் தடுப்பும் பின்தொடர்வுத் தடுப்பும் அதில் கட்டப்பட்டே வருகின்றன. குழந்தைகளுக்கு, வேலைக்கு என்று தனித்தனி முறைகள் உண்டு. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025-இல் முதல் பரிசு ஒரு கோடி ரூபாய் அதற்குத்தான். ஊர்க்காரன் செய்தது என்ற பெருமை எனக்கு நிறையவே உண்டு. உள்ளே இருப்பது கூகுள் தொடங்கி வைத்த, குரோமுக்கும் அடிப்படையான அதே குரோமியம்தான் என்பதையும், நீட்சிகளிடம் கேட்கிற கேள்விகளை இதனிடமும் கேட்க வேண்டும் என்பதையும் அந்தப் பெருமை மறக்கச் செய்யக் கூடாது.

எந்த நீட்சியும் எட்டாத இடங்கள் இருக்கின்றன. இன்று மின் இணைப்பு துண்டிக்கப்படும் என்று வரும் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பு, போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து டிஜிட்டல் கைது என்று மிரட்டுகிறவன், கடன் ஆப். இவை பிரவுசர் வழியாக வருவதே இல்லை. எட்டாத இன்னொரு இடம் பழைய பிரவுசிங் சென்டர். அது முழுதாகச் சாகவில்லை, ஜெராக்ஸ் கடையாகவும் இ-சேவை மையமாகவும் மறுபிறவி எடுத்திருக்கிறது. ஆதாரை இறக்கிப் பிரின்ட் எடுத்து முடிந்ததும், டவுன்லோடு ஃபோல்டரில் அது அப்படியே கிடக்கிறது. முந்தைய ஆளின் பான் கார்டுக்குப் பக்கத்தில், அவர் மகளின் சாதிச் சான்றிதழுக்கு மேலே. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் பிரதிகளை அழித்துவிடுங்கள் என்று சரியாகத்தான் சொன்னது. தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். புரிந்துகொள்ள அதில் என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

சட்டம் மெதுவாக வருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல், அதன் விதிகள் 2025 நவம்பரில். முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அது நடைமுறைக்கு வருவதற்குள், விதிகள் வந்தபோது பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை பிளஸ் டூவுக்கே போய்விடும்.

அதனால் இரண்டு வேண்டுகோள். தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. அவற்றில் ஒரு நல்ல தடுப்பு நீட்சியை முன்கூட்டியே போட்டுக் கொடுக்கலாம், காசு செலவில்லை. இ-சேவை மையத்து மெஷின்களிலும் அதே போலப் போட்டு, வேலை முடிந்தால் கோப்புகள் தானாக அழியும்படி செய்யலாம். பிளைவுட் கேபின் கடைக்காரர் டீப் ஃப்ரீஸ் போட்டு இருபது வருஷம் முன்பே செய்த காரியம் இது.

இன்னொன்று, பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வருகிற பிள்ளைகளுக்கு. அப்பாவின் போனை ஒரு பத்து நிமிஷம் வாங்குங்கள். ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும் போட்டு, அதையே முதல் பிரவுசராக வைத்துக் கொடுங்கள். எப்போதோ அறியாமல் அலோ தட்டியதால் கண்ட தளங்களிலிருந்தெல்லாம் வந்துகொண்டிருக்கும் நோட்டிபிகேஷன்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். அம்மாவின் போனிலும் செய்யுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை இரண்டு போனிலும் பெயர் போட்டுப் பதிந்துவிடுங்கள். பணம் போய்விட்டால் முதல் சில மணி நேரத்துக்குள் அந்த எண்ணில் சொன்னால்தான் பிடித்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.